மேலே ஏற்றிய அறிவிப்பு

வலைப்பக்கம் வடிவமைப்பதில் அவள் கெட்டிக்காரி; அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பழைய ஆட்கள் செய்த பக்கங்கள் கைபேசியில் பாதி வெளியே தொங்கும். அவள் செய்தது எந்தத் திரையிலும் அடங்கி உட்காரும். வேலையெல்லாம் வீட்டிலிருந்தே.

அன்று, அவள் பக்கம் செய்து கொடுத்திருந்த ஒரு மருத்துவமனையின் அலுவலர் போன் செய்தார். "டெலிபோன் ஆபரேட்டர் இன்டர்வியூ நடக்கிற இடம் மாறிடுச்சும்மா. உடனே மேல போட்டுடுங்க." காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற மனிதர். அவளுக்கும் தலைக்கு மேல் வேலை. புது அறிவிப்பைப் பக்கத்தின் கடைசியில் எழுதிவிட்டு, அதைத் திரையின் உச்சிக்கு ஏற்றிவிட ஒரே ஒரு வரிக் கட்டளை சேர்த்தாள். எழுதின வரிசை ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு. பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கும் இப்போதைய கிரிட் முறையில் இது சர்வ சாதாரணம். பழைய முகவரியை அழிக்க யாரும் சொல்லவில்லை, அவளும் விட்டுவிட்டாள். பெரிய திரை, கைபேசி எல்லாவற்றிலும் பார்த்தாள். உச்சியில் சிவப்புக் கட்டம் பளிச்சென்று இருந்தது.

பார்வையில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த வேலைக்கு அவளுடைய அப்பாவும் விண்ணப்பித்திருந்தார். மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்பாள். பார்வை போனதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது.

கைபேசியில் ஒரு குரல் அவருக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும். திரையில் எது மேலே தெரிகிறது என்று அதற்குக் கவலையில்லை. எழுதின வரிசையில்தான் படிக்கும். பழைய முகவரி வந்தது, மனப்பாடம் செய்துகொண்டார். அடுத்து இயக்குநரின் வாழ்த்துரை ஆரம்பித்தது, நிறுத்திவிட்டார். அதை எந்தப் புண்ணியவான் முழுசாகக் கேட்பான்?

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு, நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பி வந்தபோது சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். மனப்பாடம் செய்த முகவரியில் இன்டர்வியூ இல்லை; புது இடம் ஊருக்கு அந்தக் கோடியில். விசாரித்து விசாரித்து அவர் போய்ச் சேர்வதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. "மேலயே சிவப்புக் கட்டத்துல போட்டிருந்தேனேப்பா! அதைப் பார்க்காம..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கைபேசியை எடுத்து ஆரம்பத்திலிருந்து படிக்க விட்டார். முகவரி, வாழ்த்துரை, விதிமுறைகள் எல்லாம் தீர்ந்த பிறகு, கடைசியாக அவள் எழுதின அறிவிப்பு வந்தது. அவள் கூனிக்குறுகிப் போனாள்.

"அந்த ஆபீசர்கிட்ட நான் பேசறேன்ப்பா. தப்பு என்னுதுதான்னு சொல்றேன்."

"ஆளை எடுத்தாச்சும்மா. இனி யார்கிட்ட பேசி என்ன?" என்றார் அப்பா. அவர் குரல் உயரவில்லை. "இந்தக் குரலை என் போன்ல போட்டுக் கொடுத்ததே நீதான். எல்லாத் திரையிலயும் சோதிச்சுப் பார்த்துட்டேன்னு பெருமையா சொல்லுவியே, ஒரே ஒரு தடவை, 'அப்பா, இதைக் கேட்டுப் பாருங்க'ன்னு என்னைக் கூப்பிட்டிருக்கியா?"