கிரேன் பெட்டிக்கு ஒரு எக்ஸ்ரே

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆடாதேக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்ச இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கினால்கூட அதைப் பார்த்து "ஆடாதீங்க" என்பாள் என்று கீழ்வீட்டில் பேச்சு. பால் அடங்கி உட்கார்ந்துவிடும் என்பது மட்டும் கீழ்வீட்டார் சேர்த்தது.

புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற மனுஷனுக்கு ஒரு பலவீனம் உண்டு. பொம்மைக் கட்டை செட். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வீடு, லாரி, கப்பல் என்று கட்டுகிறார்களே, அதுதான். ஆனால் அவர் கட்டமாட்டார். வாங்குவார், அடுக்குவார், துடைப்பார். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பெட்டிதான். ஒன்றுகூடப் பிரித்தது கிடையாது. பெண் பார்க்க வந்தவன் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தானாம், அந்தக் கதை.

"சீல் உடைஞ்சா செத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார்.

அவரைப் போல இன்னும் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு பெட்டியைக் காதருகே வைத்து, தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல மெல்லக் குலுக்கிப் பார்ப்பார்கள். "ஆகா, முழு செட்டு" என்பார் ஒருவர். மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். இந்தக் காது வித்தையில் கெட்டிக்காரர் இரண்டாம் மாடிக்காரர். சீல் விஷயத்தில் அவ்வளவு கறார் என்பதால் அவருக்கு முத்திரை என்றே பெயர்.

ஆடாதேக்கா இதற்கு நேர் எதிர். பழைய சாமான் கடையில் வாளி வாளியாக உதிரிக் கட்டைகளை வாங்கி வந்து, சாமான் அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஸ்டாப் மோஷன் படம் எடுப்பாள். கட்டை மனுஷன் ஒருவனை நிறுத்தி ஒரு போட்டோ. காலை ஒரு நூல் நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படிச் சாயங்காலம் பூராவும் எடுத்து வரிசையாக ஓட்டிப் பார்த்தால், அவன் வாசலிலிருந்து நாற்காலிவரை நடந்திருப்பான். வெள்ளைப் புடவை கட்டினால் பளபளக்கும் கட்டைமேல் அவள் பிம்பமே ஓடும் என்று கறுப்பு உடுத்திக்கொண்டுதான் உட்காருவாள். அந்த நேரத்தில் புருஷன் தும்முவதானால் மாடிப்படிக்குப் போய்த் தும்ம வேண்டும்.

"நாள் பூரா ஆடாதேன்னு சொன்னா எல்லாம் ஆடுதுங்க. இங்க ஆடுன்னு சொன்னாலும் ஒண்ணும் ஆடமாட்டேங்குது" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இந்தமுறை அவள் எடுத்த படம் கட்டடத்து லிஃப்ட்டைப் பற்றியது. அது படுத்து எத்தனையோ மாதம் ஆயிற்று. குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கேட்டால், "பார்ட்டு வந்துக்கிட்டே இருக்கு" என்பார். ஆமை முதுகில் ஏற்றி அனுப்பியிருந்தாலும் இந்நேரம் வந்திருக்கும். முதல் மாடிக்காரர் அவர், அவருக்கென்ன. ஆறாம் மாடியில் குடியிருக்கும் ஆடாதேக்காவின் முழங்கால் பேசும் பாஷையை அச்சில் போட முடியாது.

படத்தின் கடைசிக் காட்சி இது: மஞ்சள் கிரேன் ஒன்று வந்து செயலாளரின் இடுப்பு பெல்ட்டில் கொக்கியை மாட்டி, சரசரவென்று மேலே தூக்கி மொட்டை மாடியில் தொங்கவிடும். சனிக்கிழமை பொதுக்கூட்டத்தில், அவர் முன்னாலேயே அதைப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்பது அவள் சபதம். எல்லாம் தயார். மீசை வரைந்த கட்டைச் செயலாளர் பெல்ட்டோடு நின்றார். கிரேன்தான் இல்லை. வாளிக் கட்டைகளை வைத்து அவளே ஒன்று செய்தாள். அது குடித்தவன் போலச் சாய்ந்து, செயலாளரைத் தலைகுப்புறப் போட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கவில்லையே.

சுவரின் நடு வரிசையில் மஞ்சள் கிரேன் பெட்டி ஒன்று இருந்தது. கொக்கி, கயிறு, சுற்றுகிற உருளை எல்லாம் பெட்டிமேல் படமாகவே போட்டிருந்தது.

"என்னங்க, அந்தக் கிரேன ஒரு நாளைக்கு..."

"எந்தக் கிரேன?"

"வீட்ல எத்தன கிரேன் ஓடுது?"

"அது இப்ப கம்பெனியே செய்றதில்ல, தெரியுமா? உன் கண்ண வேணும்னா கேளு, தர்றேன்."

"என் கண்ணயே ஏங்க எனக்குத் தர்றீங்க?"

அவர் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

அவள் விடுகிற ஆளா. யோசித்தாள். பெட்டியின் அடியில் சின்னதாகக் கீறி, கொக்கியும் உருளையும் இருக்கிற பையை மட்டும் உருவிக்கொண்டு, எடைக்கு எடை பொத்தான்களைப் போட்டு ஒட்டிவிட்டால்? குலுக்கினால் சத்தம் வரும், போதும். ஆனால் எந்தப் பை எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்கலாமா? வயிற்றைக் கிழிப்பதற்குமுன் என்ன செய்வார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும், பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரம். பெட்டியை மேசையில் கிடத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, பழக்க தோஷத்தில் "மூச்சப் பிடிங்க" என்றாள். பெட்டி பிடித்துக்கொண்டது.

பிளாஸ்டிக் என்பதால் மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். திரையில் வந்ததோ பளிச்சென்று வந்தது. மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று கால் பின்னிக்கொண்டு கிடந்தன. இடையிடையே ஊசி முனையளவு திருகாணிகள், நட்சத்திரம் தூவினாற்போல. கட்டை ஒன்றுகூட இல்லை.

எலும்பு டாக்டர் அந்த நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தவர் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"யாரும்மா பேஷன்ட்? என்னத்த முழுங்கியிருக்கான்?"

"என் வீட்டுக்காரர் விஷயம், டாக்டர்."

"உயிரோட இருக்காரா?"

"இதுவரைக்கும் இருக்காரு."

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணமானவர்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம், பிறகு மறுபடியும் சிரிப்பு. உலகத்துக்கெல்லாம் சீலைப் பற்றி உபதேசம் செய்கிற மனுஷன், தானே திருட்டுத்தனமாக அடியைப் பிரித்து, கட்டைகளை உருவிக்கொண்டு, கடையில் ஒடிந்த சட்டங்களை நிரப்பி ஒட்டியிருக்கிறார். சட்டத்துக்குள் லென்ஸைத் தடம் தெரியாமல் பொருத்துகிற கைக்கு அட்டைப் பெட்டி எம்மாத்திரம்.

ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால், "நீ எதுக்குடி எக்ஸ்ரே எடுத்தே?" என்று திருப்புவார். பெட்டிச் சங்கத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் அவரைத் தள்ளிவைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவள் அறைக்கு வந்து தும்மிக்கொண்டிருப்பார். கிரேன்தான் வேண்டும், சண்டை அல்ல. அவள் அந்தப் படத்தைப் பெரிய ஃபிலிமாக அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டாள். பெட்டி பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் சாமான் அறைக் கதவில் தலையை நீட்டினார். கட்டைத் தெரு, கட்டை மாடி வீடு, வாசலில் பெல்ட்டோடு செயலாளர். அதற்குப் பின்னால் வானம். வானத்துக்காக அவள் அந்த ஃபிலிமைக் கட்டி, பின்னாலிருந்து விளக்குப் போட்டிருந்தாள். கறுப்பு ஆகாயத்தில் மூக்குக்கண்ணாடிகள் மேகம் மேகமாக மிதந்தன. நாலு பக்கமும் பெட்டியின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். தொழில்காரர் அல்லவா, எந்தச் சட்டம் எந்த மாடல் என்றுகூடத் தெரிந்திருக்கும்.

"வானம் நல்லாருக்கு" என்றார்.

"உங்க கடைச் சரக்கு மாதிரி இல்ல?"

"இருக்கும், இருக்கும்." தொண்டையைச் செருமினார். "படத்துக்கு வேற எதாவது குறையுதா?"

"ஒரு கிரேன்தாங்க."

மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது, கட்டைத் தெருவின் முனையில் மஞ்சள் கிரேன் நின்றிருந்தது. கண்ணாடி துடைக்கிற துணியால் மெருகேற்றி வைத்திருந்தார். பல் சக்கரமெல்லாம் பழகி வழவழவென்று ஓடியது. கடையின் பின் அறையில் எத்தனை நாள் எத்தனை மூக்குக்கண்ணாடிகளைத் தூக்கி இறக்கினாரோ. கொக்கியில் புதுக் கயிறு வேறு.

சனிக்கிழமை மொட்டை மாடியில் படம் ஓடியது. கட்டைச் செயலாளர் பெல்ட்டில் தொங்கியபடி மேலே மேலே போக, கைகால் உதறுவதைப் பார்த்து ஆறு மாடியும் சிரித்தது. "அந்தத் தொங்குற இடத்த மறுபடி போடுங்க" என்று கேட்டது செயலாளரின் மனைவி. மூன்று முறை போட்டார்கள். அசல் செயலாளர் மட்டும் முகம் மாறாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

"என் மீசை இன்னும் அடர்த்தி" என்றார். "இத வெளில யாருக்கும் அனுப்பிடாதீங்க."

"அனுப்புறதும் அனுப்பாததும் பார்ட்டு கையில இருக்கு சார்" என்றாள் ஆடாதேக்கா.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். பார்ட்டு பக்கத்துத் தெருவரைக்கும் வந்து காத்திருந்ததாம்.

முதல் ஆளாக லிஃப்ட்டில் ஏறி வந்தவர் முத்திரை. வந்ததும் வராததுமாக, "ஏன்க்கா, நேத்து படத்துல அந்தக் கிரேன் எங்க கிடைச்சுது? உதிரியா கிடைக்காதே அது?" என்றார்.

கண்ணாடிக்காரர் கையிலிருந்த துணி நின்றது.

"வாடகைக்கு எடுத்தேன் தம்பி. ஆள் பேரு சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன்."

"எவனோ ஒரு பாவி சீல ஒடச்சிருக்கான்" என்று பெருமூச்சு விட்ட முத்திரை, சுவரின் நடு வரிசையிலிருந்து மஞ்சள் கிரேன் பெட்டியை எடுத்தார். காதருகே வைத்து, கண்ணை மூடி, மெல்லக் குலுக்கினார். "இது மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு எப்படித்தான் ஒடைக்க மனசு வருமோ. கேளுங்க சத்தத்த. முழு செட்டு, அண்ணே. ஒரு பீஸ் குறையல."

"உங்க காது காதுதான்" என்றார் கண்ணாடிக்காரர், சன்னமாக.

அவர் போனபிறகு ஆடாதேக்கா சுவரெதிரே போய் நின்றாள். பெரிய கப்பல் பெட்டி ஒன்றை எடுத்தாள். குலுக்கினாள். பக்கத்துப் பெட்டியை எடுத்து அதையும் குலுக்கினாள். இரண்டும் ஒரே சுருதி.

"என்னங்க, மத்ததையும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா?"

கண்ணாடிக்காரர் துடைக்கிற துணியை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

"ஒவ்வொண்ணா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையாதே" என்றார். "அடுத்த படத்துக்கு என்ன வேணுமோ சொல்லு, கடைலேர்ந்து கொண்டாந்து தர்றேன்."