உமிச்சாம்பலில் ஆறாத ஷாப்ட்

எங்கள் முதலாளி ரெங்கராஜுக்கு அவசரம் என்றால் ஊரே ஓட வேண்டும். மண்ணச்சநல்லூரில் அவருடைய அரிசி ஆலையில், ஊறிய நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரை ஓட்டும் இரும்புத் தண்டான ஷாப்ட் விரிசல் விட்டது. தொட்டி நிறைய நெல் ஊறிக் கிடந்தது. நேரத்துக்கு அவிக்காவிட்டால் நாறிப்போகும். பிறகு அந்த அரிசியை நாய்கூட முகராது.

திருச்சியிலிருந்து வெல்டர் ஜெபராஜ் வந்தார். விரிசலைக் கடைந்து எடுத்துவிட்டுப் பற்றவைத்தார். பாய்லரில் வாரிய சூடான உமிச்சாம்பலுக்குள் ஷாப்டைப் புதைத்தார்.

"மெதுவா ஆறணும். காலையில நான் வந்து எடுக்கிறேன், யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், முதலாளி சாம்பலைக் கிளறச் சொன்னார். கிளறியவன் என் தம்பி சின்னையா. என் வீட்டுக்காரர் வீரமலை தண்ணீர் வாளியோடு தயங்கி நின்றார்.

"ஊத்துய்யா, நெல்லு காத்துக்கிட்டிருக்கு," என்றார் முதலாளி.

ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த நான் இதைக் கண்ணால் பார்த்தேன். மாலையே எலிவேட்டர் ஓடியது.

காலையில் வந்த ஜெபராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "சட்டுனு குளிர்ந்த இரும்பு உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே நிக்குங்க. பாரமே ஏத்தலைன்னாலும் அந்த இழுவை இருக்கும். சின்னதா ஒரு கீறல் விழுந்தா போதும், சுத்துக்குச் சுத்து அதைத் திறந்துவிட்டுக்கிட்டே போகும். நிறுத்திட்டு வேற ஷாப்ட் போடுங்க."

"கீறல் எங்க இருக்கு, காட்டுங்க," என்றார் முதலாளி.

கீறலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். கீறல் இல்லை. அப்போது உண்மையிலேயே இல்லை.

"சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த ஷாப்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர் என் வீட்டுக்காரர்தான். "வேற எடம் கேளுங்க," என்று கெஞ்சினேன். கேட்டார். இஷ்டமில்லை என்றால் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டாராம் முதலாளி. மறுநாளும் அங்கேயே போய் நின்றார். தினமும் சோறு கொண்டுபோகும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

மாசியில், பட்டப்பகலில் ஷாப்ட் முறிந்தது. கழன்று பறந்த புல்லிச் சக்கரம் அவர் நெஞ்சில் அடித்தது. திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் கொள்ளிடம் பாலத்திலேயே என் மடியில் உயிர் போய்விட்டது.

ஜெபராஜ் முறிந்த துண்டை விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் காட்டினார். கீறல் வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கி, தண்ணீர் வடிந்த ஆற்று மணல்போல் வரி வரியாக உள்ளே போயிருந்தது. கடைசியாகப் பிய்ந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளத்தது.

"இவ்வளவு நாளா வளர்ந்திருக்கு சார். தண்ணி ஊத்தினதுதான் காரணம்."

"வீரமலைதான் சார் ஊத்துனான்," என்றார் முதலாளி. "வெல்டர் தொடாதேன்னு சொல்லியும் கேக்கல."

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஊத்தச் சொன்னது யாருங்க?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க அவர் சம்சாரம், அப்படித்தான் சொல்லுவீங்க. வேற யாரும்மா பாத்தது?"

நான் சின்னையாவைக் காட்டினேன். கூடப் பிறந்தவன், மாமா மாமா என்று அவர் காலைச் சுற்றியே வளர்ந்தவன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க சார்," என்றான்.

அன்று காலையில்தான் முதலாளி அவனை வீரமலை நின்ற இடத்தில் வேலைக்கு நிறுத்தியிருந்தார்.