திவ்யா அழித்த கமெண்ட்

பத்மஜா எட்டு வருஷமாகத் திருவனந்தபுரத்து ஓட்டல்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை முடிந்து ஸ்ரீவராகத்து வீட்டுக்குத் திரும்புகிற வழியில் எங்கேயாவது சாப்பிடுவாள். ருசியாக இருந்தால் ருசி என்றும், ஊசிப்போயிருந்தால் ஊசல் என்றும் அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவாள். ஓசியில் ஒரு காபிகூடக் குடித்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் அவளைப் பின்தொடர வந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர்தான்.

திவ்யலட்சுமிக்கு இரண்டு லட்சம்.

அந்த இரண்டு லட்சம் பத்மஜாவுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. திவ்யா, சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துப் பெண். ஒரு காலத்தில் பத்மஜாவின் பதிவுகளுக்குக் கீழே 'சூப்பர் அக்கா' என்று எழுதிக்கொண்டிருந்தவள். தோசையை எந்த வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதைக்கூட பத்மஜாதான் சொல்லிக்கொடுத்தாள். மூன்றே வருஷத்தில் அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள். திவ்யா சிரிப்பதைப் பார்த்தாலே அந்த இலைமுன் போய் உட்காரத் தோன்றும். பத்மஜாவும் கண்ணாடி முன்னால் நின்று அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறாள். வரவில்லை.

தம்பானூரில் புதிதாக ஒரு சைவ ஓட்டல் திறந்தார்கள். திவ்யா வீடியோ போட்டாள். பால் பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டு, இங்கேயே கல்லில் போட்டுச் சுடச்சுடத் தருகிறார்கள் என்று புகழ்ந்தாள்.

பத்மஜா மறுநாளே அங்கே போனாள். போளி ஆறிக் கிடந்தது, ஓரமெல்லாம் வறட்டி மாதிரி காய்ந்திருந்தது. பரிமாறினவரிடம் கேட்டாள். போளி வெளியிலிருந்து வருவதுதான், வீடியோ எடுத்த அன்றைக்கு மட்டும் ஆள் வைத்துப் போட்டோம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். போளி இனிக்கவில்லை. அந்தப் பதில் இனித்தது.

ஆட்டோவில் வரும்போதே திவ்யாவின் வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: 'இங்கே போளி போடுவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. இப்படிச் சொல்ல உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?' வீட்டுக்கு வந்து பார்த்தபோது கமெண்ட் இல்லை. மறுபடி போட்டாள். அதுவும் போயிற்று.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். முன்ஜாக்கிரதையாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள்.

"அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் போடேன்" என்றான் அவள் கணவன் ஜெயந்த்.

"கேட்டா ஏதாவது சமாதானம் சொல்லுவா" என்றாள். அந்தச் சமாதானம் நியாயமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

உண்மையைச் சொன்னால் அழித்துவிடுகிறார்கள் என்று எழுதி, ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்துப் போட்டாள். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பலரும் திவ்யா ஏமாற்றுக்காரி என்றார்கள். பத்மஜாவுக்குத் தொண்டைக்குள் பாகு இறங்கின மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் மட்டும், 'வெறும் பொறாமை' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். அதை அழிக்க விரல் போயிற்று. அழித்தால் தன் வழக்கு கந்தலாகிவிடும் என்று விட்டுவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து திவ்யா பேசினாள். அலங்காரமில்லாமல், வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, காசு வாங்கியதையும் அதைச் சொல்லாமல் விட்டதையும் ஒத்துக்கொண்டாள். "பத்மஜாக்கா எழுதினது எல்லாம் சரிதான், கேட்டோ. பயந்துபோய் நான்தான் அதை அழிச்சேன். சாப்பாட்டைப் பத்தி நேர்மையா தெரிஞ்சுக்கணும்னா அவங்களைப் படிங்க."

பத்து லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். எவ்வளவு நேர்மையான பெண் என்று உருகினார்கள். திவ்யாவின் கூட்டம் இன்னும் பெருத்தது. பத்மஜாவுக்கும் ஆயிரக்கணக்கில் புது ஆட்கள் வந்தார்கள், எல்லாரும் திவ்யா அனுப்பினவர்கள். ஜெயந்த் சந்தோஷப்பட்டான். பத்மஜாவுக்குச் சாதம் இறங்கவில்லை. தனக்கென்று இருந்தது அந்த நேர்மை ஒன்றுதான். எட்டு வருஷமாகச் சேர்த்ததை அவள் நாலு நிமிஷத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டாளே.

திவ்யா ஃபோன் செய்து, நேரில் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் ஒரு சின்னக் கடையில் சந்தித்தார்கள். திவ்யா மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. பத்மஜா ரசவடையைப் பிட்டுக்கொண்டே, "போகட்டும்" என்றாள்.

அப்போது இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். "திவ்யச்சேச்சி அல்லே?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி தன் ஃபோனை பத்மஜாவிடம் நீட்டினாள். "ஆன்ட்டி, ஒரு போட்டோ."

இவங்கதான் பத்மஜாக்கா என்று திவ்யா அவசரமாகச் சொன்னாள். பெண்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு திவ்யாவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

பத்மஜா எடுத்தாள். படத்தில் திவ்யாவின் கண் பாதி மூடியிருந்தது, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. இன்னொன்று எடுத்திருக்கலாம்.

"நன்னா வந்திருக்கு" என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள் திவ்யா, படத்தைப் பார்க்காமலே.

பத்மஜா சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு ரசவடை கொண்டுவரச் சொன்னாள்.