கவரில் வேண்டாம், கார்டில் எழுது

என் குரலுக்கு மைக் தேவையில்லை என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். லேத் ஓடிக்கொண்டிருந்தாலும் நான் பேசினால் கேட்கும். அந்தத் திமிரில்தான் 1991-ல் கள்ளிக்குப்பம் ரேஷன் கடை வரிசையில் அந்தப் பாழாய்ப்போன தபால் கார்டைப் படித்துத் தொலைத்தேன்.

கொடுத்தவள் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் வனஜா பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். வேலைதான் வந்துவிட்டது என்று தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

"தங்கவேலு அண்ணாத்தே, அல்லாருக்கும் கேக்கற மாரி படி" என்றாள்.

கண் பார்ப்பதற்குள் வாய் முந்திவிட்டது. 'நீயும் உன் மகளும் ஏமாற்றுக்காரிகள். படிப்புக்கு வாங்கிய கடனைக் கட்டாவிட்டால் வாசலில் தண்டோரா போடுவோம்.' அனுப்பியது பூந்தமல்லியில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. தவறியது இரண்டே தவணை!

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேம்புலியம்மாள் மண்ணெண்ணெய் வாங்காமலே டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று வீட்டுக்குள் போன வனஜா அப்புறம் தெருப்பக்கம் தலை காட்டவில்லை. இன்டர்வியூவுக்குக்கூடப் போக மாட்டேன் என்றாளாம்.

பாவத்தைத் தொலைக்க நானே வேம்புலியம்மாளைப் பூந்தமல்லி கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். வக்கீல் லட்சுமணன் சின்ன வயசு. கார்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை விருந்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார். மானநஷ்ட வழக்குப் போட்டு எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம் என்றார்.

"கடன நான் கட்டிடறேன் சார். என் பேர அவன் திருப்பிக் குடுக்கட்டும்" என்றாள் வேம்புலியம்மாள்.

சாட்சிக் கூண்டில் ஏறிய என்னைக் கம்பெனி வக்கீல் நார் நாராகக் கிழித்தார். கம்பெனி அந்த அம்மாளுக்கு மட்டும்தான் எழுதியது, ஊர் முழுக்கப் பரப்பியது இந்த ஆள்தான் என்றார். நியாயம் போலவே இருந்தது, அதனால்தான் இன்னும் எரிந்தது. எல்லாம் போச்சு, என் வாயே அவளைக் கவிழ்த்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்து அவள் ஏறினாள். கடன் பத்திரத்தை நீட்டி, படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டார் அவர். அவள் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"கையெய்த்து இன்னா சார் கையெய்த்து? கைநாட்டு."

லட்சுமணன் விருட்டென்று நிமிர்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனி மேனேஜர் கூண்டில் ஏறும் வரை லட்சுமணன் காத்திருந்து, இந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று சாதுவாகக் கேட்டார். தெரியும், என் எதிரில்தான் ரேகை வைத்தாள் என்றார் மேனேஜர். பிறகு ஏன் எழுதினீர்கள்?

"யாரையாவது வுட்டுப் படிச்சிக்குவாங்கல்ல?"

கோர்ட்டே சிரித்தது. நுணலும் தன் வாயால் கெட்டது. அடுத்தவர்தான் படிக்க வேண்டும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள், பரப்பியது நான் இல்லை, கம்பெனியேதான். கம்பெனி வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது, நீதிபதி முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

தீர்ப்புக்கு முன்பே கம்பெனி ராஜிக்கு வந்தது. தவணைக்கு அவகாசம், கவரில் ஒரு மன்னிப்புக் கடிதம். லட்சுமணனுக்கே சம்மதம். வேம்புலியம்மாள் மட்டும் தலையாட்டவில்லை.

"கவருல வேணாம் சார். கார்டுல எய்தச் சொல்லு."

எழுதினார்கள். கார்டு வந்த அன்று ரேஷன் கடையில் சர்க்கரை போட்டார்கள், நல்ல கூட்டம். இந்தத் தடவை முதலில் கண்ணால் படித்துக்கொண்டேன். பிறகு தொண்டையைத் திறந்தேன். 'நீங்களும் உங்கள் மகளும் நாணயமானவர்கள். நாங்கள் எழுதியது தவறு. மன்னிக்கவும்.' யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னொரு தபா படி அண்ணாத்தே. கடசீல நிக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் வேம்புலியம்மாள்.

என் குரல் கேட்காமலா போகும்? சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், கையில் பையோடு வனஜா நின்றுகொண்டிருந்தாள்.