சமரச வாரத்தில் உடைந்த தாடை

செம்மலின் தாடை உடைந்தபோது மணி ஐந்து அடித்து நாலு நிமிடம். யூஜினால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. சரியாக ஐந்து மணிக்கு மண்டபத்துத் திரையில் ஒரு செய்தி ஓட ஏற்பாடு செய்திருந்தவர் அவர்தான். தாடையை உடைத்தது அந்தச் செய்தி. பித்தளைக் கோப்பை வெறும் கருவி.

யூஜின் புதுச்சேரியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் செய்தித் தொடர்பாளர். பதினாறு வருடமாக அதே நாற்காலி. அரசியல் சாசன தினம், சைபர் சட்டப் பயிலரங்கம், இலவச சட்ட உதவி முகாம் என்று எது நடந்தாலும் அது நடப்பதற்கு முன்பே நடந்து முடிந்ததாக எழுதிவிடுவார். வேறு வழியில்லை. பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கம் நாலு மணிக்கு மூடிவிடும். சட்டப் பள்ளி நிகழ்ச்சி எதுவும் நாலு மணிக்குள் ஆரம்பித்ததாகச் சரித்திரம் கிடையாது. "நிகழ்ச்சி லேட்டாகலாம் யூஜின், செய்தி லேட்டாகக் கூடாது" என்பது முதல்வர் நெடுமாறனின் வாக்கு. போன வருடம் மழையால் ரத்தான விழாவில்கூட இருநூறு மரக்கன்றுகள் நடப்பட்டிருந்தன, செய்தியில்.

முனைவர் நெடுமாறனின் பட்டங்களை அச்சடித்தால் விசிட்டிங் கார்டின் முன்பக்கம் நிரம்பிவிடும். பெயர் பின்பக்கம் போகும். சமரசச் சட்டத்தில் அவர் மேதை. "அடைத்த கதவு முறை" என்று அறுநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சாரம் இவ்வளவுதான்: சண்டைக்காரர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பூட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை திறக்காதே. அதற்காகவே ஒரு மண்டபம் கட்டி 'சால் த லா பே' என்று பித்தளை எழுத்தில் பதித்துவைத்தார். அமைதி மண்டபம் என்று அர்த்தம். ரகசியம் காக்கச் சத்தம் புகாத சுவர். இறுதிச் சுற்று தொடங்கினால் செல்போன்களெல்லாம் வாசலில் காவலர் அம்மாவாசையின் கூடைக்குப் போகும், கதவு உள்ளே பூட்டப்படும், சாவி முதல்வரின் கோட்டுப் பைக்குள் இறங்கும்.

சமரச வாரத்தின் கடைசி நாள். தேசிய அளவிலான சமரசப் போட்டி, இரண்டு அணிகள். ஒன்று விக்ரமுடையது, விக்ரம் பல்கலைக்கழக நிறுவனரின் தங்கை மகன். இன்னொன்று செம்மலும் பூவிழியும். செம்மல் வீராம்பட்டினம். அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். மகனுக்கும் அந்தத் தொண்டை. கப்பல் கம்பெனிக்கும் மீனவர்களுக்கும் இடையே கற்பனை வழக்கு. சீட்டுக் குலுக்கியதில் விக்ரம் மீனவர் பக்கம், செம்மல் கப்பல் கம்பெனி.

காலையிலேயே இரண்டு அணியையும் கோப்பையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தாயிற்று, நியாயம் வேண்டுமல்லவா. மதியம் நெடுமாறன், "விக்ரம் படத்த அனுப்பிடுங்க" என்றார். யூஜின் அனுப்பினார். மண்டபத்துத் திரைக்கும் ஐந்து மணி என்று நேரம் குறித்து ஏற்றினார். நாலரைக்கு முடியவேண்டிய போட்டி. தலைமை விருந்தினரான ஓய்வுபெற்ற நீதிபதி இறால் தொக்கை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்வார் என்று யார் கண்டது?

ஐந்து மணிக்குச் செம்மல் பேசிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் திரை ஒளிர்ந்தது. கோப்பையோடு விக்ரம் சிரித்தான். கீழே எழுத்து ஓடியது: 'முதல் பரிசு வென்றது விக்ரம் அணி. இறுதிச் சுற்று சுமுகமாக நிறைவுற்றது.'

பார்வையாளராக அனுமதிக்கப்பட்டிருந்த பத்தொன்பது மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செம்மல் திரும்பிப் படித்தான். நிதானமாக, இரண்டு தடவை படித்தான். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னான்.

"ஐயா, ஏலம் முடிஞ்சிருச்சா? மீனு இன்னும் படகுல இருந்தே எறங்கலியே!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நீதிபதியும் வயிறு குலுங்கச் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். செம்மல் விக்ரம் பக்கம் திரும்பினான். "நீ உக்காருப்பா. நீதான் ஜெயிச்சிட்டியே. நான் மட்டும் பாக்கியப் பேசிட்டுப் போறேன்."

அந்த மரியாதையைத்தான் விக்ரமால் தாங்க முடியவில்லை. மேசையில் இருந்த கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்கினான். மூன்று கிலோ பித்தளை, அடியில் சலவைக்கல். சலவைக்கல் முதலில் போய் இறங்கியது.

தேங்காய் உடைகிற சத்தம்தான். சுவர்கள் அதை வெளியே விடவில்லை. இரண்டு பல்லும் கொஞ்சம் ரத்தமும் ஒப்பந்த வரைவின் மேல் விழுந்தன. செம்மல் கீழே விழுமுன்பே அடுத்த அடி தோளில். விழுந்த பிறகு விக்ரமின் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து வயிற்றில் மிதித்தான், இன்னொருவன் முகத்தில் மிதித்தான். ஷூவை எடுத்தபோது செம்மலின் வாய் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, காதுப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

"டேய், செத்துடுவான்டா! வுடுங்கடா!" பூவிழி அவன்மேல் விழுந்து மறைத்தாள். சடையைப் பிடித்து இழுத்து நாற்காலி வரிசையில் எறிந்தார்கள். நெற்றி பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. யூஜின் பழக்கத்தில் கேமராவைத் தூக்கினார். மூன்று படம். நாலாவதுக்குள் கேமரா சுவரில் மோதிச் சிதறியது; அவர் விலா எலும்பில் ஒரு முழங்கால் ஏறியது. உள்ளிருந்த மெமரி அட்டையை ஒருவன் குதிகாலால் அரைத்தான், பீடியை அணைப்பதுபோல.

அடி நின்றது. விக்ரமுக்கு மூச்சு வாங்கியதுதான் காரணம். மனம் மாறியதாக யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

"கதவத் திறங்க சார்" என்று பூவிழி கத்தினாள்.

நெடுமாறன் எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். "யாரும் பதற்றப்படக் கூடாது. வெளிய போனா இது குற்றம். உள்ள இருக்கிறவரைக்கும் இது வெறும் பிணக்கு. நாம என்ன வாரம் கொண்டாடுறோம்? ரெண்டு தரப்பும் இங்கயே இருக்கு. மத்தியஸ்தர் நான் இருக்கேன்."

உண்மையாகவே புதுத்தாள் எடுத்தார். 'முதல் தரப்பு', 'இரண்டாம் தரப்பு' என்று கோடு போட்டார். விக்ரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். இரண்டாம் தரப்பு தரையில் கிடந்தது. அதன் மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொப்புளம் கொப்புளமாக வந்து உடைந்தது.

"சார், அவனால மூச்சு வுட முடியல!"

"அவருக்கும் பேச வாய்ப்புத் தரப்படும்மா."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைவைப் படித்தார். அனுபவசாலி. "'தாக்கினார்'னு போடாதீங்க நெடுமாறன். 'உடல் தொடர்பு ஏற்பட்டது'ன்னு போடுங்க. பின்னால பிரச்சினை வராது. அப்படியே ஒரு காபி சொல்லுங்க."

பூவிழி செம்மலை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் இரண்டு விரலை விட்டு ரத்தக் கட்டியையும் ஒரு பல்லையும் எடுத்துப் போட்டாள். நாக்கு தொண்டைக்குள் சரிந்துகொண்டே இருந்தது. அவளால் பிடித்துவைக்க முடியவில்லை. பத்தொன்பது மாணவர்களும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். அவர்களுடைய அக மதிப்பீட்டு மதிப்பெண் எல்லாம் நெடுமாறன் கையில் இருந்தது.

"சார், சாவியக் குடுங்க" என்றார் யூஜின். விலாவைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் குரலே வரவில்லை.

"இன்னும் ரெண்டு கையெழுத்துய்யா. அஞ்சே நிமிஷம். இவ்ளோத்துக்கும் நீதான் காரணம், தெரியுமில்ல? உன் திரையாலதான் எல்லாம். உன்ன மூணாம் தரப்பா சேக்காம விட்டிருக்கேன், அதுக்கு நன்றியோட ஒக்காந்து செய்திய மாத்து. மாணவர் மேடைப் படியில தவறி விழுந்தார்."

யூஜின் உட்கார்ந்தார். வெட்கக்கேடு, ஆனால் உட்கார்ந்தார். பதினாறு வருடப் பழக்கம். வாக்கியம் தானாக மனசில் ஓடியது. 'மேடைப் படியில் தவறி விழுந்த மாணவர் செம்மல் முதலுதவி பெற்று நலமுடன் வீடு திரும்பினார்.' நன்றாகவே வந்திருந்தது. எழுதுவதற்கு முன் வழக்கம்போல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

செம்மலின் வாயில் கொப்புளம் வருவது நின்றிருந்தது. உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. பூவிழி அவன் கன்னத்தைத் தட்டித் தட்டி, "டேய் செம்மலு, டேய்" என்றாள். அவன் கால்களில் ஒன்று மட்டும் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

யூஜின் எழுந்தார். முதல்வரின் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். நெடுமாறன் பையை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"தொடாதய்யா! நடைமுறை இருக்கு!"

யூஜின் தம் ஐம்பது வயதில் எவரையும் அடித்தவரில்லை. அதனால் எங்கே அடிக்கவேண்டும், எவ்வளவு அடிக்கவேண்டும் என்பதெல்லாம் தெரியவில்லை. கையை மடக்கி முகத்தின் நடுவில் விட்டார். கண்ணாடி மூக்குக்குள் அமுங்கியது. மறுபடி விட்டார். "வாரும்யா, பேசித் தீத்துக்கலாம்" என்று நெடுமாறன் உடைந்த வாயால் சொன்னார். பொய்யில்லை, சொன்னார். மூன்றாவது அடியில் நாற்காலியோடு சரிந்தார். பை கிழிந்து சாவி கையில் வந்தது. கதவை மறித்து நின்ற கூட்டாளியின் கன்னத்தில் அதே சாவியால் காது முதல் உதடு வரை ஒரு கோடு இழுத்தார் யூஜின். அவன் அலறிக்கொண்டு விலகினான். விக்ரம் பின்னாலிருந்து கோப்பையை எறிந்தான்; முதுகில் பட்டது. அதற்குள் பூட்டு திறந்துவிட்டது.

வெளியே அம்மாவாசை கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற யூஜினைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்னா சார், சமரசம் ஆயிடுச்சா?"

செம்மலைத் தூக்கியது அம்மாவாசை கால் பக்கம், யூஜின் தலைப் பக்கம்; நாக்கைப் பிடித்துக்கொண்டது பூவிழி. கேட்டுக்கு எதிரே நின்ற ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சரிலேயே வைத்து, டியூட்டி டாக்டர் பெண் ஒருத்தி செம்மலின் தொண்டையில் கத்தியால் ஓட்டை போட்டாள். அந்த ஓட்டை வழியாக அவன் இழுத்த முதல் மூச்சு விசில் அடித்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆயிருந்தா பிணத்தத்தான் குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

ஏழு மணிக்கு ஏட்டு இராமதாஸ் இரண்டு காகிதத்தோடு வந்தார். வெளிப்பெஞ்சில் யூஜின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொசியே யூஜின், நெலம சரியில்ல. அந்தப் பையன் மேட்டருக்குப் போனேன். நாலரைக்கே போட்டி முடிஞ்சிருச்சாம், மண்டபத்தப் பூட்டிட்டாங்களாம், பையன் வெளிப்படியில வழுக்கி வுழுந்துட்டானாம். பத்தொம்பது பசங்க ஒரே மாதிரி எழுதிக் குடுத்துட்டானுவ, எழுத்துப் பிழை கூட ஒண்ணுதான். இந்தப் பொண்ணு மட்டும் அடிச்சாங்கன்னுது. கூட்டாளிப் பொண்ணு, ஒரு ஆளு. நிக்குமான்னு தெரியல."

"இன்னொரு காகிதம்?"

"அது உம்மமேல. முதல்வரு கம்ப்ளெயின்ட். மூக்கு எலும்பு, மூணு பல்லு." இராமதாஸ் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பேசித் தீத்துக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்காரு. நீரும் படியில வுழுந்ததப் பாத்தேன்னு ஒரு கையெழுத்து போட்டா இதக் கிழிச்சிடுவாராம். வேலையும் இருக்கும். இல்லன்னா இன்னிக்கே உள்ள போவணும்."

பெஞ்சின் அந்தக் கோடியில் நெற்றியில் தையலோடு பூவிழி உட்கார்ந்திருந்தாள். யூஜினைப் பார்க்காமல் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் செம்மலின் ரத்தம் காய்ந்திருந்தது.

"அவர் எழுதினத ஒருக்கா படிங்க" என்றார் யூஜின்.

இராமதாஸ் படித்தார். கோபத்தில் எழுதியிருந்தாலும் நெடுமாறன் சட்டப் பேராசிரியர், ஒன்றையும் விடவில்லை. இடம், சால் த லா பே மண்டபத்தின் உட்புறம். நேரம், மாலை ஐந்தேகால். சாட்சிகள், உடனிருந்த மாணவர்கள் பத்தொன்பது பேர், பெயரும் பதிவு எண்ணும் வரிசையாக.

"இதே பத்தொம்பது பேருதானே?"

ஏட்டு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆமாய்யா. நாலரைக்குப் பூட்டின மண்டபத்துக்குள்ள அஞ்சேகாலுக்கு உக்காந்து பாத்திருக்கானுவளே."

"என் கேஸ மொதல்ல எழுதுங்க. கிழிக்க வேணாம். ஆமாம், நான்தான் அடிச்சேன். அங்க வச்சுத்தான் அடிச்சேன், அந்த நேரத்துலதான் அடிச்சேன். எதுக்கு அடிச்சேன்னும் கேப்பீங்க இல்ல, அதையும் சொல்றேன். அதுல செம்மல் வருவான்."

"யோவ், யோசிச்சுக்க. அதுல மொதல் ஆளா நீதான் உள்ள போவ. அவனுங்க பெரிய இடம், எப்ப போவானுங்கன்னு எனக்கே தெரியாது."

"தெரியும். எழுதுங்க."

பூவிழி எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்தாள். "சாட்சியில எனக்கு அடுத்து இவர எழுதிக்குங்க சார். கூட்டாளி இல்ல இவரு."

இராமதாஸ் பேனாவை உதறினார். யூஜின் சொல்லச் சொல்ல எழுதினார். கோப்பையின் எடை, யார் வயிற்றில் மிதித்தான், யார் முகத்தில், நீதிபதி கேட்ட காபி, தாம் உட்கார்ந்து யோசித்த அந்தப் பொய் வாக்கியம்வரை யூஜின் எதையும் விடவில்லை. நாலரைப் பக்கம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார் ஏட்டு.

யூஜினின் வலது கை முட்டிகள் வீங்கிப் பழுத்திருந்தன. பேனா நிற்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துப் போட்டார். ஏட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது உம்ம கையெழுத்துதானாய்யா?"

"இன்னிக்கு இப்படித்தான் வருது" என்றார் யூஜின். கையைத் தொங்கப்போட முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, ஏட்டுக்குப் பின்னால் ஜீப்பை நோக்கி நடந்தார்.