வெளியூர்ப் பட்டியல்

1.

இந்தக் கதை ஒரு "வரமாட்டேன்" கடிதத்திலிருந்து பிறந்தது, வாசகரே. எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச் லவான் ஓய்வு பெறுகிறார். விழாவுக்கு அழைப்பு அனுப்புவது, கேக் சொல்வது, நாற்காலி போடுவது எல்லாம் என் தலையில். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு: பேருந்து, ஓட்டல் அறை, முப்பது சாண்ட்விச், துவைத்த சீருடை, ஆட்டக்காரர் பட்டியல். பந்தைத் தவிர எல்லாவற்றையும் தொட்டிருக்கிறேன்.

பழைய மாணவி க்ரெட்டா மட்டும் இப்படிப் பதில் எழுதியிருந்தாள்: "அந்தம்மாவுக்காக நான் அயோவா வரைக்கும் வரணுமா? முடியாது."

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதம் வரவில்லை, கதைதான் வந்தது.

2.

முதல் தொடக்கம்: "பிப்ரவரிப் பனியில் எங்கள் அரங்கம் ஒரு..." சீ, வேண்டாம். பனியை யார் கேட்டார்கள்?

இரண்டாம் தொடக்கம்: "க்ரெட்டா நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தாள்." இது உண்மை. அவளுக்கு உதவித்தொகை கிடையாது, வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் இடமும் கிடையாது. ஆனாலும் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போட்டதில்லை.

கடைசி வருட மாணவிகளைக் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் முதல் ஐவரில் இறக்குவது எங்கள் வழக்கம். ஒரு நிமிடம் ஆடினாலும் போதும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், பெற்றோர் எழுந்து நின்று அழுவார்கள்.

[பக்கத்தின் அடியில் போட வேண்டியது: ஆட்டக்காரர் பட்டியலை ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பெயர் சேர்த்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் எறிய ஒரு புள்ளி வீதம் இரண்டு வாய்ப்பு. கொடுப்பது என் வேலை.]

3.

"அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவே இல்லை" என்று எழுதி அடித்துவிட்டேன். காரணம் சொன்னால் பாவம் குறையுமா? க்ரெட்டாவின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு, உள்ளூர்ப் பட்டியலுக்குப் பதிலாக வெளியூர்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். அதில் க்ரெட்டா பெயர் என்றைக்கும் இருந்ததில்லை.

ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, புள்ளி எழுதும் வெர்ல் என்னைக் கூப்பிட்டார்.

"ராண்டி, முப்பத்திநாலாம் நம்பர், உங்க க்ரெட்டா, புத்தகத்துல இல்லையேம்மா. இப்ப சேத்தா ரெண்டு ஃப்ரீ த்ரோ போயிடும்."

லவானிடம் ஓடினேன்.

"என்னடி பண்ணித் தொலைச்ச? இன்னைக்குத் தோத்தா சீசனே முடிஞ்சுது!" என்றவர் கண்ணை மூடித் திறந்தார். "அவளை உக்கார வை. நீயே போய்ச் சொல்லு. உண்மையைச் சொல்லு."

(லவானை ரொம்ப நல்லவராக்குகிறேனோ? இரண்டு புள்ளிக்குப் பயந்து அவளை உட்காரவைத்தவர்தானே.)

க்ரெட்டா ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் ராண்டி, எங்கப்பா ஒம்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு. சட்டைல முப்பத்திநாலுன்னு எழுதிக்கிட்டு, மானத்தை வாங்குறாரு!"

"நீ இன்னைக்கு இறங்கலைம்மா."

"ஏன்?"

"கோச்சோட முடிவு."

அவள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "நாலு வருஷம் எல்லாருக்கும் தண்ணி பாட்டில் தூக்கினேனே. அதுக்கு இதுவா?"

4.

பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்த இரண்டைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம்.

வருடக் கடைசி விருந்தில் லவான் கை நீட்டினார், க்ரெட்டா கொடுக்கவில்லை. லவான் என்னைத்தான் பார்த்தார். வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்து, என் தவற்றை மறைத்து க்ரெட்டாவிடம் சொன்ன பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"விடு ராண்டி. உக்கார வெச்சது நான்தானே. ஆனா என்னைக்காவது அவகிட்ட சொல்லிடு."

ஏழு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5.

முடிவு ஒன்று: க்ரெட்டா படித்துச் சிரித்துவிட்டு வருகிறாள். இது என் ஆசை, அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் வரவில்லை, லவான் வாசலைப் பார்த்துப் பார்த்து...

முடிவு மூன்று: இதை யாருக்கும் அனுப்பாமல் மூடிவைக்கிறேன். ஏழு வருடம் அதைத்தானே செய்தேன்? அலுத்துவிட்டது.

வாசகரே என்று ஊருக்கே சொல்வதுபோல் எழுதினேன். அதுவும் ஒளிந்துகொள்வதுதான். க்ரெட்டா, இதைப் படிக்கப்போவது நீ ஒருத்திதான். விழா சனிக்கிழமை மூன்று மணிக்கு. வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால், அது லவான்மேல் உள்ள கோபத்தால் வேண்டாம், என்மேல் உள்ள கோபத்தால் இருக்கட்டும். உன் பெயரை விட்டவள் நான்.