பெரிய பட்டை

அண்ணன் மேசையில் படுத்திருந்தான். மணிக்கட்டில் நுழைந்த மெல்லிய குழாய், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வரை போய் நின்றிருந்தது. அந்த நுனி சொல்லும் ரத்த அழுத்தத்தைத் திரையில் பார்த்து எழுதுவதுதான் பதினோரு வருடமாகத் தங்கையின் வேலை.

நூற்று அறுபத்தெட்டு.

அவள் எழுதவில்லை. "டாக்டர், இன்னொரு தரம் ஸீரோ பண்ணிக்கிறேன்."

"இப்பதானேம்மா பண்ணே?"

"குழாயில காத்துக் குமிழி ஏதாவது இருக்கும்."

மேசையருகே போய்க் குழாயில் உப்புநீரைச் செலுத்தினாள். குழாயின் வாயைக் காற்றுக்குத் திறந்து, திரையில் அளவு ஸீரோவில் நிற்கும்படி வைத்து மூடினாள். குமிழி ஒன்றும் இல்லை. மறுபடி நூற்று அறுபத்தெட்டு.

நாலு மாதத்துக்கு முன் இதே மாடியில் ஒரு ஆய்வு நடந்தது. குழாய் விடாமல், மணிக்கட்டில் ஒரு பேனாவை அழுத்தியே உள் அழுத்தத்தைச் சொல்லும் கருவி. அது குழாயோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பேனாவுக்கு நாடித்துடிப்பின் வடிவம் மட்டுமே தெரியும். கையில் பட்டை சுற்றி எடுத்த ரத்த அழுத்த அளவை நாம் கொடுத்தால், அதை நம்பி உள்ளே இருப்பதைக் கணக்குப் போடும். கையளவு தப்பென்றால் எல்லாமே தப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்வதே அவள்தான்.

பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒரு மத்தியானம் வந்தான். "பிரஷர் மாத்திரை போட்டா ஸ்டியரிங்லயே கண்ணு சொருகுது பாப்பா. உன் மிஷின்ல பாரேன். சீக்கிரம், கீழ வண்டி நிக்குது."

அவனுக்கு முன்னால் வந்தவர் மலைபோல ஆள். அவருக்குக் கட்டிய பெரிய பட்டை மேசையில் கிடந்தது. அதையே எடுத்து அண்ணனின் கையில் சுற்றினாள். ஒரு சுற்று போய் அரைச் சுற்று மிச்சம்.

"குச்சிக் கைடா சாமி!" என்று சிரித்தாள். சின்னப் பட்டை அலமாரியில், நாலடி தள்ளி இருந்தது.

கையில் நூற்று முப்பத்தெட்டு. கருவி உள்ளே நூற்று இருபத்துநாலு என்றது. திரையில் அலை அத்தனை அழகு.

"வெளியதான் கொஞ்சம் எகிறுது அண்ணே. உள்ள நல்லா இருக்கு."

அவன் அந்தப் பேச்சின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பத்து நாள் கழித்து அண்ணி போன் செய்தாள். "நீ சொன்னேன்னு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டாரே, நிஜமா?"

"அடுத்த வாரம் வரச் சொல்லுங்க அண்ணி, சரியா பார்த்துடலாம்."

அந்த வாரம் வரவேயில்லை. இன்று காலை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன்தான் வந்தான்.

"என்ன பாப்பா, மூஞ்சி தொங்குது? உள்ள எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"அன்னிக்கு நூத்தி இருபத்திநாலுன்னியே?"

"அன்னிக்குக் கட்டினது பெரிய பட்டை. பெருசா இருந்தா குறைச்சுக் காட்டும். நான் மாத்தல அண்ணே."

அவன் விளக்கிலிருந்து அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"குச்சிக் கைன்னு சிரிச்சியே," என்றான். "அப்பக்கூடவா தோணல?"

நாற்பத்துநாலு வித்தியாசம். அதில் பட்டையின் பங்கு எவ்வளவு, மாத்திரையில்லாத நாலு மாதத்தின் பங்கு எவ்வளவு? எந்தக் குழாயை எங்கே விட்டாலும் அது தெரியாது.

"நம்பர் சொல்லும்மா," என்றார் டாக்டர்.

சொன்னாள். பிறகு எழுதினாள்.